டிஜிடி 3000: மலைப் பள்ளியின் செஸ் மேசைக்கும் விவாத அறைக்கும் ஒரே கிளாக்

ஒரு டிஜிடி 3000 வாங்கும் பணத்தில் சாதாரண டிஜிட்டல் செஸ் கிளாக் மூன்று வாங்கிவிடலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பள்ளி அணிக்குப் பொருள் வாங்கும் ஆசிரியர்கள் முதலில் போடுவது இந்தக் கணக்கைத்தான். போட வேண்டிய கணக்குதான் அது. அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரிக் காலையில் விறைக்கிற அறைக்குள் அந்தக் கிளாக் எப்படி ஓடும் என்பது ஒன்று. போட்டி இல்லாத நாட்களில் பீரோவில் தூங்காமல் வேறு எதற்கு உதவும் என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அணியின் முதல் நான்கு போர்டுக்கும் விவாத மேசைக்கும் இதைத் தாராளமாக வாங்கலாம். பயிற்சிக்கு வரும் இருபது பிள்ளைகளுக்கும் இதையே வாங்கினால் வீண் செலவு.

நெதர்லாந்திலுள்ள டிஜிடி நிறுவனத்தின் தயாரிப்பு இது. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அங்கீகாரம் பெற்றது. இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடுகிறது. மேலே குறுக்காக ஒரே லீவர். காயை நகர்த்தியவர் தன் பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும், எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். முன்னால் ஐந்து பொத்தான்கள், அடியில் சுவிட்ச். 25 நேர அமைப்புகள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. நாமாக ஐந்து அமைத்துச் சேமித்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் மிகவும் பயன்படுவது அகலத் திரை. மணி, நிமிடம், விநாடி மூன்றும் சேர்ந்தே தெரியும். மலிவு வகைகள் சிலவற்றில் நேரம் நிறைய இருக்கும்வரை மணியும் நிமிடமும் மட்டுமே தெரியும். பத்து வயதுப் பிள்ளை அதில் 1:05 என்று பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் ஐந்து விநாடிதான் மிச்சம் என்று பதறி, கைக்கு வந்த காயை நகர்த்திவிடும். உண்மையில் ஒரு மணி ஐந்து நிமிடம் இருந்திருக்கும். 90 நிமிட ஆட்டத்துக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளிடம் இந்தத் தடுமாற்றத்தை நிறையப் பார்க்கலாம். திரை அதைத் தடுக்கிறது என்பதே விலையில் பாதிக்கு நியாயம்.

நேரம் வைப்பது

பள்ளி அளவு ரேபிட், அதாவது விரைவு ஆட்டப் போட்டிகளில் அடிக்கடி வரும் அமைப்பு 15 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி கூடுதல். ஃபிடே விதிப்படி ஒரு ஆட்டம் எந்த வகை என்று பார்க்க, கூடுதல் விநாடியை 60 நகர்வால் பெருக்கி முதன்மை நேரத்தோடு சேர்க்க வேண்டும். 15+5 என்பது ஆளுக்கு 20 நிமிடம், ரேபிட். வெறும் 10 நிமிடம் பிளிட்ஸ், அதைவிட வேகமான வகை. அதே 10 நிமிடத்தோடு 5 விநாடி சேர்ந்தால் 15 நிமிடம் ஆகிவிடும், ரேபிட் விதி வந்துவிடும். வகை மாறினால் தண்டனையும் மாறும். விதிமீறிய நகர்வுக்கு ரேபிட்டில் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், பிளிட்ஸில் 1 நிமிடம். இரண்டாவது முறை அதே தவறு செய்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும்.

இந்தக் கணக்கு நடத்துகிறவர்களுக்கும் வேண்டும். ஆளுக்கு 20 என்றால் ஒரு பலகைக்கு 40 நிமிடம். 60 நகர்வைத் தாண்டும் ஆட்டமும் இருக்கும். அதனால் சுற்றுக்கு 55 நிமிடம் ஒதுக்குங்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் விட்டால், ஐந்து சுற்றும் 3:20 வாக்கில் முடியும். மஞ்சூர், கூடலூர் பிள்ளைகள் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடலாம். ஆறாவது சுற்று வைக்கும் ஆசை வந்தால் முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள்.

கூடுதல் விநாடி தரும் முறைக்குத் திரையில் ஃபிஷர் என்று பெயர். முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் காப்புரிமை பெற்ற முறை. 1992-ல் ஸ்பாஸ்கியோடு மறுபடி ஆடிய போட்டியில் இப்படித்தான் நேரம் வைத்தார்கள். சேமிப்புக்கான எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முறை, முதன்மை நேரம், கூடுதல் விநாடி என்று கிளாக் ஒவ்வொன்றாகக் கேட்கும். கூட்டல், கழித்தல் பொத்தானால் இலக்கத்தை மாற்றி, சரி பொத்தானால் அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் வைக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை, முறையில் ஃபிஷர் வைக்காமல் வெறும் நேரம் என்று விட்டுவிடுவது. திரையில் 15 நிமிடம் சரியாகத்தான் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. முப்பதாவது நகர்வில் ஒரு பிள்ளைக்கு 20 விநாடி மிஞ்சும்போதுதான் விநாடி கூடவே இல்லை என்று தெரியவரும். அப்போது சரிசெய்ய இரண்டு பேரின் நகர்வையும் எண்ண வேண்டும். ரேபிட்டில் நகர்வு எழுதுவது கட்டாயமில்லை என்பதால் எண்ணுவதற்குத் தாளும் இருக்காது. எனவே சுற்றுத் தொடங்கும் முன் ஒவ்வொரு கிளாக்கையும் ஓடவிட்டு, லீவரை இரண்டு பக்கமும் ஒருமுறை அமுக்கி, விநாடி ஏறுகிறதா என்று பார்த்து, மறுபடி முதலிலிருந்து வையுங்கள். ஒரு கிளாக்குக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்ற போட்டியின் நேர அமைப்பை வைத்துத் தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். முதல் 40 நகர்வுக்கு 120 நிமிடம், பிறகு 30 நிமிடம், 41-ஆம் நகர்விலிருந்து 30 விநாடி கூடுதல். இதையும் இந்தக் கிளாக்கில் வைக்க முடியும். ஆனால் நகர்வை எண்ணி நேரம் சேர்க்கும் ஏற்பாட்டில் கிளாக் எண்ணுவது லீவர் அமுக்கியதைத்தான். ஒரு பிள்ளை ஒருமுறை அமுக்க மறந்தால் எண்ணிக்கை பிசகும். பள்ளியில் இரண்டு கட்ட ஆட்டம் தேவைப்படுவது அபூர்வம். 15+5, 10+5, 90+30 மூன்றையும் சேமித்து வைத்தால் ஆண்டு முழுக்க ஓடிவிடும். மீதி இரண்டு எண்களை விவாதத்துக்கு விடுங்கள்.

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்காரர் பக்கம் லீவர் உயர்ந்திருக்க வேண்டும். திரையில் வெள்ளை, கறுப்பு ராஜா படம் இருக்கும்; லீவரை மாற்றினால் படமும் இடம் மாறும். பிள்ளைகளைக் கேட்காமல் படத்தைப் பார்த்தே சரிபார்க்கலாம்.

நடுவரின் கையில்

டிஜிடி 3000-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நடுவருக்குத்தான் அதிகம் திரும்பிக் கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிய பிள்ளை, ராணியை எடுத்து வைக்காமலே லீவரை அமுக்கிவிடுகிறது. விதிமீறல் இது. சிப்பாய் ராணியாகும், வேறு காய் கேட்க முடியாது, எதிராளிக்கு 2 நிமிடம் சேரும். நடுவர் நடுப் பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டும். அதே பொத்தானை மூன்று விநாடி பிடித்தால் திருத்தும் நிலைக்குப் போகும். இலக்கம் மின்னும். எதிராளி பக்கத்து நிமிடத்தில் இரண்டு கூட்டி, மீதியைச் சரி பொத்தானால் தாண்டிப் போய், ஓடவிட வேண்டும். பழகிய கைக்கு 20 விநாடி. பழகாத கை நேராகச் சுவிட்சை அணைத்துவிடும். இரண்டு பக்க நேரமும் போய்விடும். எனவே நிறுத்தியவுடன் இரு பக்க நேரத்தையும் தாளில் குறித்துக்கொள்வதை நடுவர் வழக்கமாக்க வேண்டும். எவ்வளவு நல்ல கிளாக்காக இருந்தாலும் இந்தத் தாளும் பென்சிலும் கட்டாயம்.

மலிவு வகைகளில் ஆட்டத்தின் நடுவே நேரத்தைத் திருத்தும் வசதி சிலவற்றில் இல்லை, சிலவற்றில் நான்கு பொத்தான் சேர்த்து அமுக்க வேண்டியிருக்கும். பயிற்சிக்கு அது பரவாயில்லை. பரிசுப் போட்டியில், பெற்றோர் கதவோரம் நிற்கும்போது, கூடவே கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய விதிகள் நான்கு. காயை நகர்த்திய கையாலேயே லீவரை அமுக்க வேண்டும். ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்திக் கோட்டை கட்டும்போதும் காயை வெட்டும்போதும் ஒரே கை. இரண்டு கையால் செய்து லீவரை அமுக்கினால் அது விதிமீறிய நகர்வாகவே எண்ணப்படும். நகர்த்தாமல் அமுக்கினாலும் அதே கணக்கு. லீவரைக் குத்துவது, கிளாக்கைத் தூக்குவது, கவிழ்ப்பது எல்லாம் தடை. கிளாக் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை முடிவு செய்வது நடுவர். எல்லாம் ஒரே திசை பார்த்து இருந்தால் நடைவழியில் நின்றே ஒரு வரிசை முழுவதையும் படித்துவிடலாம். இடக்கைப் பிள்ளை லீவருக்காகப் பலகையின் குறுக்கே கையை நீட்ட வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு வீட்டிலும் பயிற்சியிலும் கிளாக்கை எட்டாத பக்கம் வைத்தே பழக்க வேண்டும்.

கோவையில் ஆடும் பிள்ளைக்கு இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு. ஸ்வெட்டர்க் கை. தளர்ந்த கம்பளிக் கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும். எதிர் மூலையில் ஏ-8 கட்டத்து யானையை எடுக்கக் கை நீளும்போது வழியிலுள்ள சிப்பாய் இரண்டு சாயும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி தற்செயலாகச் சாய்ந்த காய்க்கு வராது. ஆனால் சாய்த்தவர் தன் நேரத்திலேயே அவற்றை எடுத்து வைக்க வேண்டும். லீவரை அமுக்கிவிட்டு எதிராளியின் நேரத்தில் அடுக்கினால் தண்டனை உண்டு. ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கம்பளிக் கையை மேலே ஏற்றிவிட்டால் தீர்ந்தது. காய்களும் அடியில் எடை வைத்தவையாக, ராஜா 9.5 செ.மீ. உயரத்தில், கட்டம் 5 முதல் 6.5 செ.மீ.க்குள் இருந்தால் சாய்வது குறையும். கையுறை போட்ட விரலுக்கு இந்த நீள லீவர் நன்றாக வசப்படுகிறது. சின்னப் பொத்தான் வைத்த கிளாக்கில் கையுறை வழுக்கும்.

குளிர், பனி, மூடுபனி

உதகை 2,240 மீட்டர் உயரம். உறைபனிக் காலத்தில், வெயில் ஏறும் முன், பூட்டிக் கிடந்த வகுப்பறையில் எந்த பேட்டரியும் சோம்பும். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி உள்தடை கூடுவதால் மின்னழுத்தம் சரியும்; முக்கால்வாசி தீர்ந்த பேட்டரி முழுதாகத் தீர்ந்ததுபோல் காட்டும். திரையில் பேட்டரிக் குறி வந்தால் கிளாக் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்து நிமிடம் வைத்து மாட்டினால் குறி மறைந்துவிடும். ஆனால் அந்த ஜோடியைப் போட்டிக்கு நம்பக்கூடாது, பயிற்சிக்கு மாற்றிவிட வேண்டும்.

ஆல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவு கார்பன் பேட்டரி குளிரில் இன்னும் சீக்கிரம் சரியும். அதைவிடப் பெரிய கேடு கசிவு. அந்த வகையில் வெளிக்கூடே துத்தநாகம். மின்சாரம் தரத் தர அது கரைந்து மெலியும், கடைசியில் ஓட்டை விழும். நீண்ட விடுமுறைக்கு பேட்டரியோடு பூட்டி வைத்த கிளாக்கைத் திறந்தால் ஸ்பிரிங்கில் பூத்துக் கிடப்பது அதுதான். கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு துளி போதும். இரண்டுக்கும் பிறகு ஈரம் போகத் துடைத்து, ஒரு நாள் மூடியைத் திறந்தே உலரவிட வேண்டும். மாற்றிப் போட்டால் கறை போகாது. ரீசார்ஜ் பேட்டரி குளிரைத் தாங்கும். ஆனால் அது 1.2 வோல்ட்தான் தருவதால் பேட்டரிக் குறி முன்கூட்டியே எட்டிப்பார்க்கலாம். பயிற்சி அறைக்கு ரீசார்ஜ், போட்டிக்குப் புது ஆல்கலைன் என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், பேட்டரிக் குப்பையும் குறையும். பழையதும் புதியதும் ஒரே கிளாக்கில் கலக்கக்கூடாது.

எல்சிடி திரையும் குளிரில் சோம்பும். விநாடி மாறும்போது முந்தைய இலக்கத்தின் நிழல் ஒரு நொடி தங்கும். பழுதில்லை, உள்ளிருக்கும் திரவப் படிகம் குளிரில் கெட்டியாவதால் வருவது. ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிளாக்குகளை மேசையில் வைத்துப் பிள்ளைகள் சுற்றி அமர்ந்தால் சரியாகிவிடும். ஹீட்டர் அருகே வைத்துச் சூடாக்க வேண்டாம். அறையைச் சூடாக்க மூடிய கதவுக்குள் கரி அடுப்பு வைப்பதோ உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. போட்டி அறையில் அது வேண்டவே வேண்டாம்.

இந்தக் கிளாக்கின் பெரிய குறை, திரைக்குப் பின்னால் விளக்கு இல்லாதது. சமவெளியில் யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. இங்கே ஜூலையிலும் நவம்பரிலும் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிடும், கரண்டும் போகும். கிளாக் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. நேர் மேலே டியூப்லைட் இருந்தால் சாய்ந்த திரையில் வெள்ளைக் கோடு விழும். விளக்கு பக்கவாட்டிலிருந்து, தோளுக்கு மேல் உயரத்திலிருந்து வர வேண்டும். இரண்டு பலகைக்கு ஒன்று என்று சார்ஜ் செய்த எமர்ஜென்சி லைட் தயாராக இருக்கட்டும். கரண்ட் போனால் நடுவர் எல்லாக் கிளாக்கையும் நிறுத்தச் சொல்லி, வெளிச்சம் வந்த பிறகு ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும்.

மலையிறங்கும்போது இன்னொரு சங்கதி. பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையம் சேரும்போது காற்றில் வெப்பமும் ஈரமும் ஏறிவிடும். ஊட்டிக் குளிரில் ஊறிய பெட்டியை அங்கே உடனே திறந்தால், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பில் வியர்ப்பதுபோல் கிளாக்கின் மேலும் உள்ளேயும் ஈரம் படியும். அப்போது சுவிட்சைப் போட்டால் பொத்தான் தானாக அமுங்கியதுபோல் நடந்துகொள்ளும். பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் போதும். கொண்டைஊசி வளைவுகளில் பஸ் குலுங்குவதால் பேட்டரியைக் கழற்றித் தனியே எடுத்துப் போவதும் நல்லது. அடியிலுள்ள சுவிட்ச் பெட்டிக்குள் உரசி ஆன் ஆவதும் அதனால் தவிர்க்கப்படும். கழற்றி மாட்டிய பிறகு சேமித்த ஐந்து அமைப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

செஸ் கட்டம் அச்சிட்ட வினைல் விரிப்பு குளிரில் விறைத்து ஓரம் தூக்கும். அச்சிட்ட பக்கம் வெளியே வருமாறு சுருட்டி வைத்தால் விரிக்கும்போது படிந்து கிடக்கும். அமிர்தசரஸ் மரக்காய்கள் அழகு, ஆனால் ஈரத்தில் அடிப்பச்சைத் துணி பூசணம் பிடிக்கும். பள்ளிக்கு எடை வைத்த பிளாஸ்டிக் காய்களே போதும்.

விவாத மேசையில்

இந்தக் கிளாக் விவாத அணிக்கும் எவ்வளவு உதவும் என்பது பல பள்ளிகளுக்குத் தெரிவதில்லை. செஸ் ஆசிரியரின் பீரோவில் ஒன்று சும்மா இருக்கும். பக்கத்து அறையில் விவாத அணி யாரோ ஒருவரின் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் அழைப்பு வந்தால் நேரக் கணக்கே போச்சு.

உலகப் பள்ளிகள் முறை விவாதத்தில் அணிக்கு மூன்று பேச்சாளர், ஆளுக்கு 8 நிமிடம். கடைசியில் இரு அணியும் 4 நிமிட நிறைவுரை. எதிர் அணி முதலில், ஆதரவு அணி கடைசியில். மொத்தம் 56 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பேச்சாளருக்குப் பாதுகாப்பு. நடுவிலுள்ள ஆறு நிமிடத்தில்தான் எதிரணி எழுந்து இடைக்கேள்வி கேட்கலாம். நிறைவுரையில் இடைக்கேள்வி கிடையாது. பிரிட்டிஷ் பாராளுமன்ற முறையில் எட்டுப் பேர், ஆளுக்கு 7 நிமிடம். அதுவும் 56 நிமிடம்தான்.

செஸ் கிளாக் குறைந்துகொண்டே வருவதால் மணி அடிப்பவருக்கு மனக்கணக்கு இல்லை. 8:00-ல் தொடங்கி, திரையில் 7:00 வந்தால் ஒரு மணி, இடைக்கேள்வி திறப்பு. 1:00 வந்தால் ஒரு மணி, மூடல். 0:00 வந்தால் இரண்டு மணி. சிக்கல் அதற்குப் பிறகு. வெறும் நேர முறையில் பூஜ்ஜியத்தில் கிளாக் நின்றுவிடும். பேச்சாளர் எவ்வளவு தாண்டினார் என்று தெரியாது. இதற்கு டிஜிடி 3000-இல் ஸ்கிராபிள் என்ற முறை உண்டு. சொல் விளையாட்டுக்காக வைத்தது; பூஜ்ஜியம் தொட்ட பிறகு தாண்டிய நேரத்தை மேல்நோக்கி எண்ணும். விவாதத்துக்கென்றே செய்தது போல் பொருந்துகிறது. ஸ்கிராபிள் 8 நிமிடம் ஒன்று, ஸ்கிராபிள் 4 நிமிடம் ஒன்று என்று மீதமுள்ள இரண்டு எண்களில் சேமித்துவிடுங்கள்.

ஓட்டும் விதம் இப்படி: இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர். ஆதரவின் முதல் பேச்சாளர் முடித்ததும் நடுப் பொத்தானால் நிறுத்துங்கள். லீவரை மாற்றி வைத்துக் காத்திருங்கள். எதிரணிப் பேச்சாளர் நடந்து வந்து நின்று, வாய் திறக்கும்போது ஓடவிடுங்கள். நிறுத்தாமல் லீவரை மாற்றினால் அவர் நடந்து வரும் 15 விநாடியும் அவர் கணக்கில் கழியும். இப்படி ஒருமுறை வைத்தால் ஒரு ஜோடிப் பேச்சு முடியும். அடுத்த ஜோடிக்கு சுவிட்சை அணைத்துப் போட்டு அதே எண்ணை எடுத்தால் போதும்.

கிளாக்கின் ஒலியை நம்ப வேண்டாம். பெரிய அறையில் கடைசி வரிசைக்கு எட்டாது. மேசை மணி ஒன்று தனியாக வேண்டும். பத்தடிக்கு அப்பால் இலக்கமும் தெரியாது. பேச்சாளருக்கு 4, 2, 1 என்று எழுதிய அட்டைகளை உயர்த்திக் காட்ட ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். உலகப் பள்ளிகள் முறை விவாதத்தில் 100 மதிப்பெண்ணில் கருத்துக்கு 40, பேசும் பாங்குக்கு 40, உத்திக்கு 20. நேரத்தைப் பகிர்ந்த விதம் அந்த உத்திக்குள் வருகிறது. மூன்று வாதத்தில் முதல் வாதத்துக்கே ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு, மூன்றாவதை மணி அடித்த பிறகு சொன்னால் அது காற்றில் போகும். பட்டிமன்ற மேடை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னுரையை ஒரு நிமிடத்துக்குள் முடிப்பது மிகவும் கடினம். அவையோரை விளித்து, ஒரு செய்யுள் சொல்லி முடிப்பதற்குள் திரையில் 6:30 ஆகியிருக்கும். கிளாக்கை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்து நான்கு முறை பேசவிட்டால் திருந்திவிடும்.

லீவர் முழுப் பயன் தருவது மறுப்புப் பயிற்சியில். இரண்டு பேர் எதிரெதிரே அமர வேண்டும். ஆளுக்கு 4 நிமிடம், டிலே முறை 10 விநாடி. அதாவது முறை வந்ததும் முதல் 10 விநாடி நேரம் குறையாது, பிறகுதான் ஓடும். விதி ஒன்றே: எதிராளி சொன்னதை முதலில் ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும், பதில் முடிந்ததும் லீவர். தலைப்பு, நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் தொடரலாமா என்பது என்று வைத்துக்கொள்வோம்.

"சீசனில் பர்லியாறிலிருந்து குன்னூர் வரை வண்டி ஊர்ந்துதான் வருது. ஆம்புலன்ஸுக்கும் அதே ரோடுதான்." லீவர்.

"நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்குதுன்னு சொல்றீங்க. சரிதான். வண்டி குறைஞ்சா டாக்ஸி ஓட்டுறவங்க வருமானமும் குறையுமே, அதுக்கு என்ன வழி?" லீவர்.

"டாக்ஸிக்காரங்க வருமானம் குறையும்னு சொல்றீங்க. வெளியூர் வண்டி குறைஞ்சா இறங்கி நிற்கிறவங்க உள்ளூர் டாக்ஸியைத்தானே எடுப்பாங்க?" லீவர்.

திருப்பிச் சொல்லும் வாக்கியம் அந்த 10 விநாடிக்குள் முடிந்துவிட்டால் செலவே இல்லை. சுற்றி வளைப்பவருக்கு இலக்கம் கண் முன்னே கரையும். செஸ் ஆடும் பிள்ளையை விவாதப் பிள்ளையோடு உட்கார வைத்தால் இருவருக்கும் லாபம். யோசித்துவிட்டு வாய் திறப்பதை ஒருவரும், எதிராளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதை மற்றவரும் கற்றுக்கொள்வார்கள்.

எத்தனை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

அணிக்கு நான்கு போர்டு என்றால் நான்கு, கூட ஒன்று. அந்த ஐந்தாவது விவாத அறையில் இருக்கட்டும். போட்டிக்கு மலையிறங்கும்போது அதுவே மாற்று கிளாக். பயிற்சிக்குச் சாதாரண டிஜிட்டல் கிளாக் எட்டுப் பத்து போதும். கூடுதல் விநாடி வைக்கும் வசதி மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பிள்ளைகளின் போட்டிகளில் செட்டும் கிளாக்கும் கொண்டுவரச் சொல்வது வழக்கம் என்பதால், வீட்டில் ஒன்று வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் இதே அளவுகோல்தான்.

கோவையிலிருந்து பார்சலில் வரும் கிளாக்கை அன்றே சோதிக்க வேண்டும். பழுதென்றால் மறுபடி கீழே அனுப்ப வேண்டியிருப்பதால் அட்டைப்பெட்டியையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். புது பேட்டரி போட்டு, இரு பக்கமும் 5 நிமிடம் வைத்து, ஒரு பக்கத்தைப் போன் ஸ்டாப்வாட்சோடு சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். லீவரை ஓரத்திலும் நடுவிலும் மெதுவாகவும் வேகமாகவும் ஐம்பது முறை அமுக்குங்கள். ஒருமுறைகூட ஓட்டம் மாறாமல் இருக்கக்கூடாது. நேரம் தீரவிட்டு, தீர்ந்த பக்கத்தில் கொடிக் குறி வருகிறதா பாருங்கள். நிறுத்தி, 2 நிமிடம் கூட்டி, ஓடவிட்டுப் பாருங்கள். பேட்டரி மூடியைத் திறந்து மூடி, கிளாக்கைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் உருளக்கூடாது. பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்ட் மார்க்கரால் எண் போட்டு, ஒரு நோட்டில் வாங்கிய தேதியும் பேட்டரி மாற்றிய தேதியும் எழுதி வையுங்கள். அந்த நோட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் பத்தாம் வகுப்புக்குப் போகும் முன் அடுத்தவருக்கு நேரம் வைக்கவும் திருத்தவும் கற்றுத்தர வேண்டும்.